உளவியலும் சட்டமும் ஒரே பட்டத்தில்: சேருவதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

உளவியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, தொடர் கொலைகாரனின் மனதைக் கணித்துப் பிடித்துக் கொடுக்கும் நிபுணர்தான். அந்த வேலை உலகத்தில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அதற்காகத்தான் சேருகிறீர்கள் என்றால் இப்போதே இன்னொரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு சாட்சி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார், பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர்வது நல்லது, மனநோய் உள்ளவர் செய்த காரியத்துக்கு அவரை எந்த அளவு பொறுப்பாக்குவது என்பன போன்ற கேள்விகள் உங்களைக் குடைகின்றனவா? சரி, அப்படியானால் மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் இரண்டு துறைகளையும் ஒரே பட்டத்துக்குள் வைக்கும். இணைத்துக் கொடுக்காது. சட்டத் துறை தன் பாட்டுக்குச் சட்டம் நடத்தும், உளவியல் துறை தன் பாட்டுக்கு உளவியல் நடத்தும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், என்ன பட்டம் என்று சரியாகப் பாருங்கள்

ஒரே மாதிரியான பெயரில் வேறு வேறு படிப்புகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இது பெரும்பாலும் இரட்டைப் பட்டம். ஐந்து வருடம் அல்லது அதற்குச் சற்று மேல் படித்தால், இறுதியில் இரண்டு பட்டங்கள் கையில் இருக்கும். இங்கிலாந்தில் சட்டமே முதன்மைப் பாடமாகவும் உளவியல் துணைப் பாடமாகவும் அமைந்த மூன்று வருடப் பட்டங்கள் உண்டு. இந்தியாவின் ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் உளவியல், சில இடங்களில் கலைப் பாடங்களில் ஒன்றாக வரும். அமெரிக்காவில் சட்டம் என்பதே முதல் பட்டத்துக்குப் பிறகு படிப்பது. அதனால் அங்கே இரண்டும் சேர்வது மேற்படிப்பில்தான். சட்டப் பட்டத்தையும் உளவியல் முனைவர் பட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த திட்டத்தை நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? படித்து முடித்த பிறகு எந்தக் கதவு திறக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ‘இதை முடித்தால் நான் வழக்கறிஞரும் உளவியலாளருமாகிவிடுவேனா?’ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அநேகமாக எங்குமே ஆக மாட்டீர்கள். சட்டப் பாதி உங்களைத் தொழிலின் வாசல்படி வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் ஒரு தேர்வோ செய்முறைப் பயிற்சியோ பாக்கி இருக்கும், அவ்வளவுதான். உளவியல் பாதி அப்படியில்லை, பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் உளவியலாளராகப் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற மூன்று வருடப் பாடத்தொடர் மட்டும் போதாது. நான்காவதாக ஹானர்ஸ் எனப்படும் சிறப்பு ஆண்டோ அதற்கு இணையான படிப்போ வேண்டும், அதன் பிறகு குறைந்தது இரண்டு வருட மேற்படிப்பும் பயிற்சியும் தேவை. சட்டப் பக்கமோ ‘பிரீஸ்ட்லி 11’ என்று அழைக்கப்படும் 11 கட்டாயப் பாடப் பகுதிகளை முடித்து, தொழில் பயிற்சியும் பெற்றால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் உளவியல் தொழிலுக்கான அடுத்த கட்டப் படிப்புகளுக்குப் போக, உங்கள் பட்டம் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். உளவியல் வெறும் துணைப் பாடமாக வரும் பட்டங்களுக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை.

சேர்த்துத்தான் படித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்கான புதிய தகுதித் தேர்வு முறை வந்த பிறகு, எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் அந்தத் தேர்வை எழுதி, இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவம் பெற்று, சொலிசிட்டர் ஆகலாம். உளவியலாளராக வேண்டும், சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவருக்கு, உளவியலை ஒழுங்காக முடித்துவிட்டுச் சட்டத்துக்கு வருவதுதான் நல்லது என்பது என் கருத்து.

விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விளம்பரக் கையேட்டில் இல்லாததைத்தான் கேட்க வேண்டும்:

- இறுதியில் ஒரு பட்டமா, இரண்டா?
- உளவியல் பாடங்கள் தொழில் அமைப்பு அங்கீகரித்த தொடரா, அல்லது தனித்தனித் தேர்வுப் பாடங்களா?
- ஹானர்ஸ் ஆண்டு இதிலேயே அடங்குமா? அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? எத்தனை இடங்கள்?
- நடுவில் ஒரு துறையை விட்டுவிட்டால், மற்றதன் பட்டத்தோடு வெளியேற முடியுமா?
- புள்ளியியல் பாடத்தைத் தவறவிட்டால், அடுத்து எப்போது நடத்துவார்கள்?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். உளவியல் பாடங்கள் சங்கிலி போல் கோக்கப்பட்டவை. முதல் வருடப் புள்ளியியல் முடிக்காமல் இரண்டாம் வருட ஆய்வுமுறைப் பாடத்தை எடுக்க முடியாது. அதை முடிக்காமல் மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நடத்தும் பாடத்தைக் கோட்டை விட்டால், ஒரு முழு வருடமே தள்ளிப்போகும்.

முதல் வருடம்: இரண்டு விதமாக எழுதப் பழகுங்கள்

படிக்க வேண்டியது அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதும் முறை இரண்டு துறைக்கும் நேர்மாறு என்பது பலருக்கு முதல் மதிப்பெண் வந்த பிறகுதான் உறைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்ல வந்த ஒற்றன் என்று உறுதியாக நம்பி, அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறார். உளவியல் கட்டுரையில் நீங்கள் இந்த அறிகுறிகள் எந்த நோய்களில் வரும், அத்தகைய நம்பிக்கை எப்படி உருவாகிறது, இந்த நோய்க்கும் வன்முறைக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வுகள் சொல்வதை எடைபோடுவீர்கள். ஆய்வுகளின் குறைகளைச் சொல்வீர்கள். ‘சான்றுகள் இவ்வாறு உணர்த்துகின்றன, எனினும்’ என்று முடிப்பீர்கள். நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

அதையே சட்டத் தேர்வில் எழுதினால் தேறுவது கஷ்டம். அங்கே எதிர்பார்ப்பது நான்கு படி: பிரச்சினை என்ன, அதற்கான சட்ட விதி என்ன, இந்தச் சம்பவத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன. இந்த வழக்கில் விதி எங்கிருந்து வருகிறது என்று தேடினால் 1843க்குப் போவீர்கள். டேனியல் மக்னாட்டன் என்பவர் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். பிரதமர் என்று நினைத்தே சுட்டார் என்பது பொதுவான கருத்து. ஆளுங்கட்சி தன்னைத் துரத்தித் துன்புறுத்துகிறது என்று நம்பியவர் அவர். புத்தி பேதலித்த நிலையில் செய்தார் என்று சொல்லி ஜூரி அவரை விடுவித்தது. நாடே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த விடைகள்தான் பல நாடுகளின் சட்டத்தில் இன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் விதி: மனநோயால் உண்டான அறிவுக் குறைபாட்டினால், தான் செய்யும் செயலின் தன்மை தெரியாமல் இருந்தாரா, அல்லது அது தவறு என்று தெரியாமல் இருந்தாரா?

இந்த விதியில் எந்த நோயின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் உளவியல் பேராசிரியர் மூன்று வாரம் நடத்திய நோயறிதல் இங்கே நுழைவுச் சீட்டு மட்டும்தான். ஸ்கிட்சோஃப்ரினியா என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், ‘குத்துகிறோம் என்று தெரிந்ததா, அது தவறு என்று தெரிந்ததா’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. குத்திய பிறகு கத்தியைக் கழுவி ஒளித்து வைத்திருந்தால், அரசுத் தரப்பு அந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு வாதாடும். தேர்வில் அந்தத் தகவலைக் கவனித்தீர்களா என்பதற்குத்தான் மதிப்பெண்.

எனவே முதல் நாளிலிருந்தே இரண்டு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் காட்டும் முறையும் வேறு: உளவியலில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரிக்குள்ளேயே வரும், சட்டத்தில் வழக்கின் பெயர் அடிக்குறிப்பில் வரும். இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரிப் பக்கத்தைச் செய்து சுவரில் ஒட்டிவிடுங்கள். அதற்கு மேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

புள்ளியியலை ஒதுக்காதீர்கள்

கணக்குக்குப் பயந்து சட்டத்துக்கு வந்தவர்கள் உண்டு. மனிதர்களைப் புரிந்துகொள்ள உளவியலுக்கு வந்தவர்களும் உண்டு. இரு சாராரையும் புள்ளியியல் வகுப்பு ஒரே நேரத்தில் ஏமாற்றும். ஆனாலும் இந்தப் பட்டத்தில் உங்களை மற்ற வழக்கறிஞர்களிடமிருந்து வேறுபடுத்தப் போவது அந்த வகுப்புதான். ஒரு நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறி, ‘இந்தச் சோதனையின்படி இவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம்’ என்கிறார். அதிகம் என்றால் எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டு, அந்தச் சோதனை எத்தனை முறை தவறாகச் சொல்லும் என்று குறுக்கு விசாரணையில் கேட்கத் தெரிந்தவர்கள் நீதிமன்றத்தில் குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க், சாட்சிகளின் நினைவு குறித்து உளவியல் கண்டறிந்ததை வழக்கறிஞர்கள் கண்டுகொள்வதில்லை என்று 1908இல் வெளியான புத்தகத்தில் சாடினார். சாட்சியச் சட்டத்தில் பெரும் புலமை பெற்ற ஜான் ஹென்றி விக்மோர் மறு ஆண்டே பதில் எழுதினார். முன்ஸ்டர்பெர்க் மீது வழக்கறிஞர்கள் அவதூறு வழக்குத் தொடுப்பதாகக் கற்பனை செய்து, விசாரணை நடத்தி, நீதிமன்றம் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கிண்டலடித்தார். முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்த வில்லியம் மார்ஸ்டன் சட்டப் பட்டமும் உளவியல் முனைவர் பட்டமும் பெற்றவர், அதாவது உங்களுக்கு முன்னோடி. ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற அவருடைய சோதனையை 1923இல் ஃபிரை வழக்கில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. துறையில் பொதுவான ஏற்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது காரணம். 1993இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது: சோதித்துப் பார்க்கக்கூடியதா, சக அறிஞர்கள் பரிசீலித்தார்களா, பிழை விகிதம் என்ன, துறையில் ஏற்பு உண்டா என்று நீதிபதியே பார்க்க வேண்டும். புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால், அந்த வகுப்பு எதற்கு என்று புரிந்துவிடும்.

இரண்டு துறைக்கும் இடையிலான உண்மையான பள்ளமும் இங்கேதான் இருக்கிறது. உளவியல் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது: நூறு பேரை எடுத்தால் இத்தனை பேர் இப்படி நடந்துகொள்வார்கள். சட்டம் ஒரே ஆளைப் பற்றிக் கேட்கிறது: இவர் செய்தாரா, இல்லையா? உளவியல், ‘மேலும் ஆய்வு தேவை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். நீதிபதிக்கு அந்த வசதி இல்லை, அரைகுறைச் சான்றை வைத்தும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சராசரியைச் சொல்லும் ஆய்விலிருந்து ஒரு தனி மனிதரைப் பற்றிய முடிவுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்ற இந்தக் கேள்விக்கு இறுதி விடை எதுவும் பாடத்தில் வராது. ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்களே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் பாடங்களை எடுங்கள்

இரண்டாம் மூன்றாம் வருடங்களில் தேர்வுப் பாடங்கள் வரும். சட்டப் பக்கம் சாட்சியச் சட்டம், குற்றவியல், குடும்பச் சட்டம், மனநலச் சட்டம். உளவியல் பக்கம் நினைவு, வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல். ‘தடயவியல் உளவியல்’ என்ற பெயரில் ஒன்று இருந்தால் எல்லோரும் அதில் போய் விழுவார்கள். தவறில்லை, ஆனால் நினைவு பற்றிய பாடத்தை அதற்காக விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் நடப்பதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் எதையோ நினைவுபடுத்திச் சொல்வதுதானே?

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 40 மைலுக்கும் மேல் என்றார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ‘நொறுங்கியபோது’ என்ற கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர்.

இப்போது சாட்சியச் சட்டப் புத்தகத்தைத் திறங்கள். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களில், தன் தரப்புச் சாட்சியிடம் விடையை ஊட்டிவிடும் கேள்விகளை வழக்கறிஞர் பொதுவாகக் கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். பரிசோதனைக்கூடம் வருவதற்கு வெகு காலம் முன்பே சட்டம் ஆபத்தைப் பாதி மோப்பம் பிடித்திருந்தது. மறு பாதியைக் கவனிக்கவில்லை: சாட்சி கூண்டில் ஏறுவதற்குப் பல மாதம் முன்பே, காவல் நிலையத்தில் முதல் கேள்வி கேட்கப்பட்டபோதே, நினைவு மாறிப் போயிருக்கலாம். இங்கிலாந்துக் காவல்துறை 1990களின் தொடக்கத்தில், ஒப்புக்கொள்ள வைப்பதற்குப் பதிலாகத் தகவல் திரட்டுவதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறைக்கு மாறியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். எந்த ஆய்வைப் படித்தாலும் இரண்டு தடவை படியுங்கள், முதலில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக, அப்புறம் அரசுத் தரப்பாக. லாஃப்டஸ் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மாணவர்கள், பார்த்தது படம், பயமில்லை, காயமில்லை, பொய் சொன்னால் தண்டனையில்லை. ‘இதை வைத்து என் சாட்சியை எப்படிச் சந்தேகிக்கிறீர்கள்?’ என்று எதிர்த்தரப்பு கேட்கத்தான் செய்யும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இதே உரசல் ரோப்பர் வழக்கிலும் உண்டு. குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இளம் வயதினரின் முதிர்ச்சியின்மை பற்றிய ஆய்வுகளை அமெரிக்க உளவியல் சங்கம் எடுத்து வைத்திருந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா, கருக்கலைப்பு பற்றிய முந்தைய வழக்கொன்றில் இதே சங்கம் இளம் வயதினரால் முதிர்ச்சியோடு முடிவெடுக்க முடியும் என்று சொன்னதே என்று மடக்கினார். நிதானமாக யோசித்து எடுக்கும் முடிவு வேறு, நண்பர்கள் சூழ இருக்க ஆவேசத்தில் எடுக்கும் முடிவு வேறு என்பது ஆய்வாளர்கள் பிறகு தந்த விளக்கம். அந்த விளக்கம் போதுமா? நல்ல கருத்தரங்கக் கட்டுரைக்குரிய விஷயம்.

நாட்காட்டியும் களமும்

இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒரே வாரத்தில் ஒப்பந்தச் சட்டத் தேர்வும் ஆய்வறிக்கையும் வந்து நிற்கும். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, மோதும் இடங்களைக் கண்டுபிடித்து, அப்போதே ஆசிரியர்களிடம் பேசுங்கள். கடைசி நேரத்தில் பேசினால் சாக்கு என்றுதான் தோன்றும். ஆய்வுமுறைப் பாடத்தையும் சாட்சியச் சட்டத்தையும் ஒரே செமஸ்டரில் எடுக்காமல் தப்ப முடிந்தால் தப்பிவிடுங்கள். மூன்றாம் வருட முடிவில், ஒற்றைப் பட்டத்தில் சேர்ந்த நண்பர்கள் பட்டமளிப்புப் படம் போடும்போது மனசு கொஞ்சம் தளரும். அது எல்லோருக்கும் வருவதுதான்.

திறந்த நீதிமன்றங்களில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகப் பாருங்கள். எந்தக் கேள்விக்குச் சாட்சி தயங்கினார், நேரத்தைச் சொல்லும்போது எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இலவசச் சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக ஒரு பருவம், உளவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக ஒரு பருவம் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் போவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

களத்துக்குப் போகும் முன் ரகசியம் காப்பது பற்றிய விதிகளை இரண்டு தொழிலுக்கும் தனித்தனியாகப் படித்துவிடுங்கள். டாரசாஃப் வழக்கு இதற்கு நல்ல பாடம். ஒரு மாணவியைக் கொல்லப் போவதாகச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர் தன் சிகிச்சையாளரிடம் சொன்னார். வளாகக் காவலர்கள் அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மாணவியிடமோ குடும்பத்திடமோ யாரும் சொல்லவில்லை. 1969இல் அந்த மாணவி அவரால் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. எல்லா இடத்திலும் இதே சட்டம் இல்லை. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பின் எல்லைகளும் வேறு. ஒரே அலுவலகத்தில் வழக்கறிஞரும் உளவியலாளரும் சேர்ந்து ஒருவருக்கு உதவும்போது, அவர் யாரிடம் எதைச் சொல்கிறார் என்பதே பெரிய பிரச்சினையாகலாம். அப்புறம் இன்னொன்று: பட்டம் முடிக்காத நீங்கள் கட்சிக்காரருக்கோ, சக மாணவருக்கோ, சொந்தக்காரருக்கோ நோயின் பெயர் சூட்டாதீர்கள்.

எந்தப் பக்கம் என்று மூன்றாம் வருடத்துக்குள் முடிவெடுங்கள்

பெரும்பாலானோர் சட்டப் பக்கம்தான் போகிறார்கள்: குற்றவியல், குடும்ப வழக்குகள், சிறார் நீதி, மனநலத் தீர்ப்பாயங்கள், பணியிடப் பாகுபாடு, விபத்து இழப்பீடு. சமரசப் பேச்சுவார்த்தை, சிறைச் சீர்திருத்தம், குழந்தைகள் பாதுகாப்பு, அரசுக் கொள்கை வகுப்பு ஆகிய இடங்களிலும் இந்தச் சேர்க்கைக்கு மதிப்பு உண்டு. தடயவியல் உளவியலாளராக வேண்டும் என்றால் மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். அந்த இடங்களுக்குப் போட்டி கடுமை, உளவியல் மதிப்பெண்தான் அளவுகோல், சட்டத்தில் எவ்வளவு கெட்டி என்பது இரண்டாம்பட்சம். சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று ஐந்தாம் வருடம் வரை இருந்தால், ஹானர்ஸ் இடமும் கிடைக்காது, நல்ல சட்ட நிறுவனத்தில் பயிற்சி இடமும் கிடைக்காது.

ஆய்வேடு எழுதும் வாய்ப்பு வந்தால், ஒரு துறை மட்டும் தெரிந்தவரால் தொட முடியாத கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் சாட்சியை நீதிபதிகள் எப்படி எடைபோடுகிறார்கள்? கைதானவருக்கு வாசித்துக் காட்டும் உரிமைகளில் எவ்வளவு அவருக்குப் புரிகிறது? இப்படிப்பட்டவை. மேற்பார்வைக்கு இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொருவரைக் கேளுங்கள், விதி இடம் கொடுத்தால் இருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வு என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கைதிகள், குழந்தைகள், நோயாளிகள் சம்பந்தப்பட்டால் அது மாதக்கணக்கில் இழுக்கும். ஆய்வேடு தொடங்குவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.